திரவியத்தின் நடை

மாப்பிள்ளை கிளம்பிவிட்டது. முன்விளக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தயக்கம், வலது தோள் தாழ்ந்த மாதிரி ஒரு சாய்வு, பிறகு நடை. தோளே இல்லாததற்குத் தோள் தாழ்கிறது என்று சொல்வது எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது. சக்கரம் வைத்த ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு கம்பம், கம்பத்தில் ஏறி இறங்குகிற ஒரு தலை, பக்கவாட்டில் நீள்கிற ஒரு கை, கையின் நுனியில் கேமரா, அவ்வளவுதான் அது. ஆனால் திரவியம் அப்படித்தான் நடப்பார், வலது கையில் கோலைப் பிடித்துவிட்டால் அந்தப் பக்கத் தோள் தானாகத் தாழ்ந்துவிடும், தண்ணீர்க் குடம் தூக்கிப் பழகினவர் மாதிரி, அதை இந்த ஷெட்டின் கூரையில் இருக்கிற கேமராக்கள் விடாமல் பார்த்து வைத்துக்கொண்டன. எங்களிடம் அதற்கு நடந்து காட்டுவது என்று பேர். புது மாடல் வேன் ஒன்று வந்தால் யாராவது ஒருவர் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகை ஒட்டிய ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, அதே மாதிரி குட்டிப் பலகை ஒட்டிய கோலைக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டியைச் சுற்றி வர வேண்டும். கதவு இடுக்கு, பெயின்ட் கீறல், வெல்டிங் பொத்தல், எங்கெல்லாம் பார்க்க வேண்டுமோ அங்கெல்லாம் கோலை நீட்டிக் காட்ட வேண்டும். கூரைக் கேமராக்களுக்கு மனிதரைத் தெரியாது, பலகையைத்தான் தெரியும், தலை எங்கே போனது, கோல் எங்கே போனது, எங்கே வேகம், எங்கே நிதானம் என்று எழுதிக்கொள்ளும், அப்புறம் அந்த மாடலில் எத்தனை வண்டி வந்தாலும் இந்த இயந்திரம் அதே நடையை நடந்து படம் எடுத்துக்கொண்டு வரும். ஓட்டுநர் கன்னியப்பன் அண்ணன்தான் இதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார். தலையில தலப்பா, நடையில நிதானம், பொண்ணு வீட்ல இன்னும் கறி வேகலன்னு தெரிஞ்சவன் மாதிரி வர்றான் பாரு என்றார் முதல் நாளே. திரவியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது என் நடைதான் அண்ணே, என்னையத்தான் சொல்லுதீக என்றார். அது அவர் நடைதான். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், நடை மட்டும் ஷெட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது, இந்த மாடலில் இதுதான் கடைசி வேன், இது வெளியே போனால் அதுவும் இல்லை.

முன்கதவுக் கைப்பிடி, கண்ணாடிப் பட்டை, கதவின் அடி விளிம்பு, படங்கள் என் திரையில் ஒன்றொன்றாக வந்து விழுகின்றன, கீறல் இருந்தால் நான் வட்டம் போட வேண்டும், போடுகிறேன், கை போடுகிறது, மனசு இன்னும் சில அடி தள்ளி, பின்சக்கரம் தாண்டி, பின்கதவு ஆரம்பிக்கிற மூலையில் போய் முன்னாடியே நின்றுகொண்டிருக்கிறது. அங்கேதான் மாப்பிள்ளை நிற்கும். நின்று, தலையைத் தாழ்த்தி, கையைத் தொங்கவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். பிறகு மெல்ல நிமிர்ந்து போகும். பார்க்கிறவர்களுக்கு யாரையோ கும்பிடுகிற மாதிரி இருக்கும். சின்ன மாமனாருக்கு ஒரு கும்புடு, பெரிய மாமனாருக்கு ஒரு கும்புடு என்று கன்னியப்பன் அண்ணன் பாட்டாகவே பாடுவார். வண்டிக்கு வண்டி பாடுவார். அந்த நிற்றல் இன்றைக்கு என் கையில் இருக்கிறது. எங்கள் சூப்பர்வைசர் தணிகாசலம் சார் காலையிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், நாளைக்குப் புது மாடல் வருகிறது, நடந்து காட்டப்போவது நீதான் பொற்கொடி, திரவியம் போன மாதிரியே போனால் போதும், அவன் பாதையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அந்த மூலையில் நிற்பதுதான் எனக்குப் புரியவில்லை. மேலே இருக்கிறவர்கள் ஒரு வண்டிக்கு இவ்வளவு நேரமா என்கிறார்கள். அங்கே எடுக்கிற படத்தில் வெறும் தரைதான் இருக்கிறது. ஆனால் அவன் காரணம் இல்லாமல் நிற்கிற ஆள் இல்லையேம்மா, கோல் தரையைப் பார்த்தது சரி, கண் எதைப் பார்த்தது, முதலில் கண்ணால பாரு அப்புறம் கோலை நீட்டுன்னு அவன்தானே எல்லாருக்கும் சொல்லுவான். அதனால் இந்தக் கடைசி வண்டி வெளியே போவதற்குள் நீ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவன் நின்ற அதே இடத்தில் அதே மாதிரி நின்று பார், ஏதாவது தெரிந்தால் புது நடையிலும் நிற்கலாம், ஒன்றும் இல்லை என்றால் எடுத்துவிடலாம். சரி சார் என்றேன். எப்போதும் சரி சார்தான் என் வாயில் வரும். கண் எதைப் பார்த்தது என்று எனக்குத் தெரியும். அந்த மூலைக்கு நேர் எதிரில், மஞ்சள் கோட்டுக்கு வெளியே, தூணில் சாய்ந்துகொண்டு, பேப்பர் கப்பில் டீயை வைத்துக்கொண்டு நான் நின்றேன். என் தலையில் பலகை இல்லை. கூரையில் இருக்கிற எந்தக் கேமராவுக்கும் நான் அங்கே இல்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது. ஒருவர் குனிந்தார், ஒருத்தி பார்த்தாள். அதற்கு முந்தின நாள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் பக்கத்தில் வந்து, சாலையைப் பார்த்துக்கொண்டே, நாளைக்கு நடந்து முடிச்சிட்டு உன்கிட்ட ஒண்ணு பேசணும் பிள்ள, பஸ்ஸப் பிடிக்கிற அவசரத்துல ஓடிராத என்றார். அவ்வளவு பேசுகிற ஆள், ஒரு கீறலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர், அன்றைக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, காதோரம் சிவந்திருந்தது, அல்லது அது சாயங்கால வெயிலோ என்னவோ. நான் ராத்திரி தூங்கவில்லை. ஹாஸ்டலில் மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு, பக்கத்தில் ஓடும் மின்விசிறியை எண்ணிக்கொண்டு, மின்விசிறியை யாராவது எண்ணுவார்களா, அது சுற்றுவதை எண்ணிக்கொண்டு, செய்யாறில் அப்பாவிடம் என்னவென்று சொல்வது, அவர் திசையன்விளைக்காரர் அப்பா, கடல் பக்கத்துக்காரர், முப்பது தாண்டிவிட்டது, நல்லவர், கொஞ்சம் தொப்பை, என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் மழை. ஷெட்டின் தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அவர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நடந்து காட்ட ஆரம்பித்தார், முன்விளக்கில் ஒரு தயக்கம், நான் டீயோடு தூணுக்கு வந்தேன், அவர் பின்சக்கரத்தைத் தாண்டினார், மூலைக்கு வந்தார், நின்றார். நின்று குனிந்தார். ஹெல்மெட்டின் விளிம்பு முகத்தை மறைத்துக்கொண்டது. கூத்தில் ராஜா வேஷம் கட்டினவன் சபைக்கு வணக்கம் சொல்கிற மாதிரி அவ்வளவு நிதானமாக, அவ்வளவு ஆழமாக, எனக்கு, டீக் கப்பை வைத்துக்கொண்டு நின்ற எனக்கு. நான் சிரித்தேன். விளிம்புக்குக் கீழே அவரும் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு சிரித்தேன், யாராவது பார்க்கிறார்களா என்று அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே சிரித்தேன். முடித்துவிட்டு வந்தார், வேர்த்து ஊற்றியது, மழை நாளில் என்ன இப்படி வேர்க்கிறது என்று ஹெல்மெட்டைத்தான் திட்டினேன். டீயை வாங்கிக்கொண்டு, நான் நின்னத பாத்தியோ என்றார். பார்த்தேன் என்றேன். யார்ட்டயும் சொல்லிராத, என்ன, என்றார். நான் எதற்குச் சொல்லப்போகிறேன். பேசணும்னு சொன்னீங்களே என்று கேட்க வாய்வரை வந்தது, அவர் இன்னொரு நாள் பேசுவோம் பிள்ள, இன்னிக்கு அசதியா இருக்கு என்றார். எனக்கு வருத்தமே இல்லை. குனிந்தாயிற்று, அதற்கு மேல் என்ன பேச வேண்டும், சொல்ல வந்ததை வாயால் சொல்லாமல் எல்லோர் நடுவிலும் சொல்லிவிட்டார், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, ஆனால் எனக்கு மட்டும் புரிகிற மாதிரி, என்று பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன், கம்பி ஈரமாக இருந்தது.

இன்னொரு நாள் வரவில்லை. அடுத்தடுத்து வேலை, ஆயுத பூஜை, அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. ஆயுத பூஜையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, வந்த சிரிப்பு பாதியில் நிற்கிறது. எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும்போது கன்னியப்பன் அண்ணன் மாப்பிள்ளைக்குக் குறை வைக்கக் கூடாது என்று அதன் தலையிலும் ஒட்டியிருக்கிற கட்டப் பலகையின் நட்ட நடுவில் ஒரு பெரிய பொட்டு வைத்துவிட்டார், மறுநாள் காலையில் கூரைக் கேமராக்கள் பலகையைத் தேடுகின்றன, பலகை இல்லை, மாப்பிள்ளை ஒரு அடி போகும், நிற்கும், ஒரு அடி போகும், நிற்கும், தன்னையே தொலைத்துவிட்டு நின்றது. பெங்களூருக்குப் போன் போட்டார்கள், அங்கிருந்து ஒருவர் கம்ப்யூட்டர் வழியாக உள்ளே வந்து மதியம் வரை என்னென்னவோ பார்த்தார். திரவியம் சாப்பிட்டுவிட்டு வந்து கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பொட்டைத் துடைத்தார். நம்ம சாமி நம்ம கண்ணையே மறைச்சிட்டே அண்ணே என்றார். அன்றைக்குச் சாப்பிட்டதும் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வாயுப் பிடிப்பு. காலையிலிருந்து பொரியும் சுண்டலும், வேறு என்ன ஆகும். அவருக்கு எல்லாமே வாயுதான், தோள் வலித்தால் வாயு, தாடை இழுத்தால் வாயு, இஞ்சி சோடா குடித்துவிட்டுப் பெரிதாக ஓர் ஏப்பம் விடுவார், விட்டதும் பாத்தியா, போயிட்டு என்பார். எங்களுக்கெல்லாம் அப்படித்தானே, வீட்டில் நெஞ்சு வலிக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் முதுகைத் தட்டி ஏப்பம் வருகிறதா என்றுதான் பார்ப்போம், ஏப்பம் வந்துவிட்டால் பயம் போய்விடும். நான் அவருக்காகப் பையில் ஓமத் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தேன். அந்த வாசனை என் சாப்பாட்டு டப்பா வரை ஏறியிருந்தது. அவர் மூடியில் ஊற்றிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், எவ்வளவு சந்தோஷமாக இருக்கும், ஒருவருடைய வயிற்றைக் கவனித்துக்கொள்கிற சந்தோஷம், பெண்டாட்டி மாதிரி. படப்பையில் அவரோடு அறையில் இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைதானே, தூங்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். இட்லி வாங்கி வைத்துவிட்டு எழுப்பியிருக்கிறார்கள். நான் அன்றைக்குத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தபோது கை முழுக்க சோப்பு. வண்டி பிடித்து ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள். கம்பெனியில் நாலு பேர் போனார்கள், நான் எந்த உறவென்று போவது, போகவில்லை. இங்கே வந்து உட்கார்ந்தேன், திங்கட்கிழமை முதல் வேன் வந்தது, மாப்பிள்ளை கிளம்பியது, மூலைக்கு வந்து, நின்று, எனக்குக் குனிந்தது. நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் அது வந்து குனிந்தது. அழாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். காத்திருக்கப் பழகிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சின்ன வயதில் தாத்தா எனக்கு ஒரு கதை சொல்லுவார், படுத்த பிறகு, இருட்டில். ஒரு ராஜா தூர தேசத்துக்குச் சண்டைக்குப் போகும்போது, ராணி தனியாக இருப்பாளே என்று தன் நிழலைக் கழற்றி அரண்மனையில் விட்டுவிட்டுப் போனான். நிழல் ராஜா மாதிரியே காலையில் எழுந்தது, மாடியில் உலாத்தியது, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தது. ராணி பரிமாறினாள். வைத்த சோறு வைத்தபடி இருந்தது, ராஜாவுக்குப் பசி இல்லை போல என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் என்ன ஆச்சு தாத்தா, அவளுக்கு எப்பத் தெரிஞ்சுது என்று நான் கேட்பேன், அவர் இரு இரு சொல்றேன் என்பார், அதற்குள் நான் தூங்கியிருப்பேன், ஒரு நாள்கூட முடிவு கேட்டதில்லை. இப்போது அது ஏன் ஞாபகம் வருகிறது, வேண்டாம், சக்கர வளைவு வந்துவிட்டது, ஒரு கீறல், வட்டம், இல்லை, கீறல் இல்லை, தண்ணீர்க் கோடு. மாப்பிள்ளை மூலையைத் திரும்பப் போகிறது. தணிகாசலம் சார் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார், விக்ஸ் மிட்டாய் வாசனை, அவரும் பார்க்கிறார். அதோ, நின்றுவிட்டது. தலை இறங்குகிறது. கை தொங்குகிறது. திரையில் தரையின் படம், எண்ணெய்க் கறை, மஞ்சள் கோட்டின் நுனி. கன்னியப்பன் அண்ணன் இன்றைக்குப் பாடவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். கடைசி வண்டி என்று அவருக்கும் தெரியும். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன், காலையில் சார் சொன்னபோதே முடிவு செய்துவிட்டேன். பின்கதவின் அடியில் ஒரு மடிப்பு இருக்கிறது, அங்கே பெயின்ட் உட்காராமல் போக வாய்ப்பு உண்டு, அந்த இடத்தில் குனிந்தால்தான் தெரிகிறது சார், என்று சொல்லப்போகிறேன். பொய்தான். அந்த மடிப்பு குனியாமலே தெரியும். ஆனால் சார் நம்புவார், திரவியம் மேல் இருக்கிற நம்பிக்கையில் நம்புவார். நாளைக்கு நான் அங்கே நிற்பேன், புது வண்டிகள் வரும், எனக்குக் கல்யாணம் ஆகி எங்கேயாவது போன பிறகும், இந்தத் தூணில் வேறு யாராவது சாய்ந்து டீ குடிக்கிற காலத்திலும், அந்த மூலையில் அது நின்று குனியும். அவர் எனக்குக் கொடுத்தது வேறு ஒன்றும் இல்லை. ஒரு போட்டோ இல்லை, ஒரு மெசேஜில்கூட வேலை தவிர ஒரு வார்த்தை இல்லை. பேசணும் என்றார், பேசவில்லை. இந்த நிற்றல் ஒன்றுதான், இதையும் எடுத்துவிட்டால் அவர் என்னை நினைத்தார் என்பதற்கு இந்த உலகத்தில் எதுவும் இல்லை, நானே நாளாவட்டத்தில் நம்ப மாட்டேன்.

மாப்பிள்ளை நிமிர்ந்து, பின்பக்கம் போய், வலது பக்கம் ஏறி, சுற்றி முடித்து, தன் இடத்தில் போய் நின்றுகொண்டது. சார் போம்மா என்கிறார். ஹெல்மெட் அலமாரியில் இருக்கிறது. இதை அவருக்குப் பிறகு யாரும் போடவில்லை, உள்ளே வியர்வைப் பட்டை கறுத்திருக்கிறது, அதில் வாசனை இருக்குமா என்று மூக்கருகே கொண்டுபோக ஆசை, சார் பார்க்கிறார், மாட்டிக்கொள்கிறேன். பெரிதாக இருக்கிறது. வாரை இறுக்குகிறேன். கோல் கையில் கனக்கிறது, என் தோளும் தாழ்கிறது. மஞ்சள் கோட்டைத் தாண்டுகிறேன். கூரையில் சின்னப் பச்சை விளக்குகள் எரிகின்றன, நான் அவற்றுக்குத் தெரிந்துவிட்டேன். பின்சக்கரம் வரை நடந்து மூலையில் நிற்கிறேன். சார் திரையில் அவருடைய பழைய புள்ளியை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார், சாம்பல் நிறத்தில், என்னுடைய புள்ளி பச்சை, பச்சையைச் சாம்பலின் மேல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சொல்கிறேன், கேட்டுக்கோ என்று மைக்கில் சொல்கிறார். அரை அடி முன்னால. இன்னும். இடது பக்கம் தள்ளு. இன்னும் இடது. வண்டி இடிக்குது சார் என்கிறேன். இடிக்கட்டும், அவன் அவ்வளவு ஒட்டித்தான் நின்னிருக்கான், நாமதான் மாப்பிள்ளைக்கு வண்டியில முட்டாம ஒரு சாண் தள்ளி நிக்கச் சொல்லியிருந்தோம் என்கிறார். அது எனக்குத் தெரியாது, அன்றைக்கு அவர் குனிந்ததை மட்டும்தான் பார்த்தேன். இத்தனை நாள் பார்த்தேன், அந்த ஒரு சாணை யாரும் சொல்லவில்லை. இடது தோளை வண்டியில் ஒட்டுகிறேன். இப்போ குனி. இன்னும் கீழே. இன்னும் கொஞ்சம்மா. இன்னும் கீழேவா சார் என்கிறேன். ஆமா, தலை இடது பக்கம் சாயணும், இன்னும், இன்னும், அங்கேயே. கோலைத் தொங்க விடு. அவ்வளவுதான், அப்படியே இரு, ரெண்டும் ஒண்ணாயிடுச்சு.

நெற்றி தகரத்தில் இருக்கிறது. ஹெல்மெட்டின் விளிம்பு தூக்கிக்கொண்டு, விளிம்புக்குக் கீழே நெற்றி, தகரம் சில்லென்று. தரை தெரிகிறது. என் ஷூவின் முனை. எண்ணெய்க் கறை. தூண் எங்கே. தூணைப் பார்க்கக் கண்ணை எவ்வளவு தூக்கினாலும் விளிம்புதான், கண்ணைப் பக்கவாட்டில் ஓட்டினால் டயர், ரப்பர், டயரில் ஒட்டிய மண். தூண் இல்லை. தூணில் சாய்ந்தவள் இல்லை. இங்கேயிருந்து அவளைப் பார்க்க முடியாது. கதவின் அடி மடிப்பும் தெரியவில்லை. வண்டியே தெரியவில்லை, இவ்வளவு ஒட்டி நின்றால் வண்டி எப்படித் தெரியும். இந்த நிலையில் ஒருவர் சும்மா நிற்க முடியாது, எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும், வலது கையில் கோல், இடது கை வண்டிக்கும் உடம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதில் பலகை இல்லை, அது எங்கே இருந்தது என்று எந்தக் கேமராவுக்கும் தெரியாது. என் இடது கை இப்போது எங்கே இருக்கிறது. நெஞ்சின் மேல். நான் வைக்கவில்லை, வேறு இடம் இல்லை, அதுவாகப் போய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மழை நாளில் வேர்வை. அசதியா இருக்கு பிள்ள. இல்லை, இல்லை, வாயு, இல்லை. அவர் எனக்குக் குனியவில்லை. யாருக்கும் குனியவில்லை. வலி வந்து, மடங்கி, தகரத்தில் நெற்றியைக் கொடுத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, கோலை மட்டும் கீழே போடாமல், போட்டால் நடை கெட்டுவிடும், முதலிலிருந்து நடக்க வேண்டும், அதனால் போடாமல் நின்றிருக்கிறார், ஒரு கூப்பிடு தூரத்தில் நான் டீயை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த மழையில் ஒரு முனகல் வந்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. அதற்கப்புறம் எத்தனை வண்டி. ஒவ்வொரு வண்டிக்கும் அந்த வலியை மாப்பிள்ளை அவருக்காக எடுத்து நிறுத்தி நிறுத்திக் காட்டியிருக்கிறது, நாங்கள் பாட்டுப் பாடினோம், நான் அதற்காகக் காலையில் தலைவாரிக்கொண்டு வந்தேன்.

என்னம்மா தெரியுது என்று மைக்கில் கேட்கிறார் சார். சொல்ல வைத்திருந்தது நாக்கின் நுனியில் இருக்கிறது, மடிப்பு, பெயின்ட், குனிந்தால்தான் தெரிகிறது சார். சொன்னால் இது இருக்கும். எனக்கு என்று இருந்தது இது ஒன்றுதான். நாளைக்கும் மறுநாளும் வண்டிக்கு வண்டி மாப்பிள்ளை இங்கே நெற்றியைக் கொண்டுவந்து வைக்கும், யாரோ பாடுவார்கள். கன்னியப்பன் அண்ணனின் செருப்புச் சத்தம் கொஞ்சம் கேட்டு நிற்கிறது.

"ஒண்ணும் தெரியல சார்" என்கிறேன். குரல் ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றுகிறது, அதனால் இன்னொரு தடவை சொல்கிறேன். "ஒண்ணுமே தெரியல. எடுத்துடுங்க."

சாருக்குப் புரிந்ததா, திரையில் இரண்டு புள்ளி ஒன்றாக இருப்பதைத்தான் பார்க்கிறாரா, தெரியவில்லை. பிறகு சரிம்மா, வேலை முடிஞ்சுது, நிமிர்ந்து வா என்கிறார், எப்போதும் பேசுவதைவிட மெதுவாக. எனக்கு நிமிர வேண்டும், முதுகு வலிக்கிறது, தகரம் நெற்றியின் சூட்டை வாங்கிக்கொண்டு வெதுவெதுப்பாகிவிட்டது. அவரும் இந்தச் சூட்டை இங்கே விட்டிருப்பார், வேறு ஒரு வண்டியில், அந்த வண்டி எந்த ஊரில் யாரை ஏற்றிக்கொண்டு ஓடுகிறதோ. எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியும், நான் பார்க்காத நாள் இல்லை, ஆனால் அது வெளியிலிருந்து பார்த்த நேரம், அது சீக்கிரம் போய்விடும், எனக்கு எப்போதும் போதாமல்தான் இருந்தது. உள்ளேயிருந்து அது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் பக்கத்தில் யாரும் இல்லை.

"சார்."

"என்னம்மா."

"அவரோட பழைய புள்ளியை நிறுத்தி வெச்சிருக்கீங்க இல்ல, அதை ஓட விடுங்க சார். நான் இப்படியே இருக்கேன். அவர் நிமிரும்போது சொல்லுங்க."